மூன்றாவது ஒட்டு

மா ஒட்டு பிடித்ததா இல்லையா என்று தெரிய இருபத்தொரு நாள் வேண்டும். ஆர்ஷாவிடம் பதினெட்டு நாள்தான் இருந்தது.

அதில் முதல் நாள், எல்லையோரப் பாறசாலையிலிருந்து நகரத்தின் கிழக்கேகோட்டை வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். வெளியே ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. பையில் கவாத்துக் கத்தரி, நனைத்துப் பிழிந்த துணி, வாழைத்தடை என்கிற வாழைமட்டை ஒரு துண்டு... அவ்வளவுதான்.

ஒரு வருடத் தோட்டக்கலை டிப்ளமோவுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். படித்து முடித்தால் ஏதாவது நாற்றுப்பண்ணையில் வேலை. பிறகு, சொந்தமாக ஒரு நாற்றுப்பண்ணை... அந்தப் 'பிறகு'வை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சேர்க்கைத் தேர்வுக்கு வருகிறவர்கள் தங்கள் கையால் ஒட்டுக்கட்டி, துளிர்விட்ட மூன்று மாங்கன்றுகளைக் கொண்டுவர வேண்டும். வீட்டு மரத்தில் கம்பெடுத்து அவள் முதலில் கட்டிய பன்னிரண்டும் மழையில் அழுகிப்போயின.

"பி.எஸ்சி. பாட்டனி படிச்சது மண்ணு தோண்டவா மக்ளே?" என்று அப்பா சுவாமிதாஸ் கேட்டிருந்தார். பி.எட். சேருவதற்கான கடைசி நாளும் தேர்வு நடக்கும் அதே வாரத்தில்தான் வந்தது. டீச்சர் ஆனால் சனி, ஞாயிறு லீவு என்பது அம்மா சரோஜத்தின் கணக்கு.

கடைசியில் அப்பாதான் ஒரு முடிவு சொன்னார். "மூணு முளைச்சா நான் ஒண்ணும் பறயல்ல. முளைக்கலன்னா பி.எட்."

ஸ்ரீவராகத்தில், முன்பின் பழகாத கோமதி மாமியின் வீட்டுக் கொல்லையில் கோட்டுக்கோணம் வகை மாமரம் ஒன்று இருந்தது. நகரத்தில் படித்த மூன்று வருடமும் அந்தத் தெரு வழியாகத்தான் ஆர்ஷா கல்லூரிக்குப் போனாள். சுவருக்கு வெளியே தலைநீட்டும் கிளைகளைப் பார்த்துக்கொண்டே போவாள். ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் தட்டினாள். அதற்கே அரைமணி நேரம் தெருவில் நடந்தாள்.

ஒட்டுக்கம்பை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். காம்புகள் மட்டும் நிற்கும். இலைக்குப் போகிற சாறெல்லாம் நுனி மொட்டுக்குப் போய், மொட்டு பருக்கும். அன்று ஆர்ஷா எட்டுக் கம்புகளைத் தேர்ந்தெடுத்து இலை கிள்ளினாள். மாமி தன் தையல் பெட்டியிலிருந்து பச்சைக் கம்பளி நூலை எடுத்துக் கொடுத்தாள்.

"நேத்திக்கு ஒரு பையன் வந்து இதே மாதிரி கிள்ளிட்டு, சிவப்பு நூல் கட்டிண்டு போயிருக்கான். நீ பச்சை கட்டிக்கோடியம்மா. நாளைக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கப்படாது."

அடித்துக்கொள்வார்கள் என்று மாமிக்கு எப்படித் தெரிந்ததோ...

இன்று கொல்லைக் கதவைத் திறந்தவுடன் ஆர்ஷா கண்டது, மரத்தின் மேலே ஒரு ஆள். நனைந்த சட்டை. கையில் கத்தரி. அவன் இடுப்பில் செருகியிருந்த கம்புகளில் பாதிக்கு மேல்... பச்சை நூல்!

பதினெட்டு நாள். இனி வேறு கம்பில் இலை கிள்ள நேரமில்லை.

"அது... எனக்க கம்பு!"

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அவன் குனிந்து பார்த்தான். மழை சொட்டுகிற இமைகள். பெரிய, அமைதியான கண்கள்... கோபம் மட்டும் வந்திருக்காவிட்டால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பாள்.

"எது?" என்றான்.

"எதுன்னா? பச்ச நூல் கட்டினது எல்லாம் எனக்குள்ளது. மாமி ஒங்ககிட்ட சொல்லல்லியா?"

"சொன்னாங்க..."

"பின்ன? கண்ணு தெரியாதா ஒங்களுக்கு?"

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. இறங்கி வந்து, வெட்டிய கம்புகள் எல்லாவற்றையும் அவள் முன்னால் நீட்டினான்.

"எடுத்தோங்க. ஒங்களுக்குள்ளது எது வேணுமோ, எடுத்தோங்க."

"கள்ளத்தனம் செஞ்சிட்டு, தானம் செய்யுத மாதிரி நீட்டாதீங்க."

"ஏண்டா ஆன்சா," என்று மாமி அடுக்களை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "விதுரை நர்சரியிலே மூணு வருஷமா வேலை பாக்கறேங்கறே. அன்னிக்குப் பழம் பறிச்சுத் தரச் சொன்னப்போ ஒண்ணொண்ணா மோந்து பாத்துதான் பறிச்சே. கண்ணாலே பாத்துப் பறிச்சா என்ன, கொறஞ்சா போயிடுவே?"

ஆன்சன் என்று பெயர் கொண்ட அந்தக் கள்ளன் கம்புகளை நீட்டியபடியே நின்றான். ஆர்ஷா ஏழு கம்புகளை உருவி எடுத்து, நூலைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஈரத்துணியில் சுற்றினாள். அதை வாழைத்தடைக்குள் வைத்துக் கட்டும்போது முடிச்சு நிற்கவில்லை.

"இறுக்கிக் கட்டாதீங்க. மொட்டு ஒடியும்," என்றான்.

"எனக்குத் தெரியும்."

வாசல்வரை போனவளை அவன் குரல் மறுபடியும் நிறுத்தியது.

"ஒட்டுக்கு மேல சிப்பப் கவர் போடுங்க. கடையில கிடைக்கும், ஐஸ் அடைக்குத நீளக் கவர். சாதா கவர்னா உள்ள வெள்ளம் கேறி அழுகிப்போவும்."

சாதா கவர் போட்டுக் கட்டிய பன்னிரண்டும் ஏன் அழுகின என்று ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்காக நன்றி சொல்ல முடியுமா என்ன?

"போட்டாலும் போடாட்டாலும் ஒங்களுக்கென்ன?"

"எனக்கொண்ணும் இல்ல. நான் கள்ளன்னு நெனச்சாலும் நெனச்சுக்கோங்க."

"ஒங்க இஷ்டம்!" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அது அந்த இடத்துக்குப் பொருந்தாத பதில் என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு கடையில் சிப்பப் கவரும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் துணியைப் பிரித்தாள். ஆறு கம்புகளில் பச்சை நூல்.

ஏழாவதில் சிவப்பு.

நனைந்து கறுத்துத் தெரிந்தது, ஆனாலும் சிவப்புதான். அவன் தேர்ந்தெடுத்த கம்பு. பென்சில் கனம், பருத்த மொட்டு. அவளுடைய ஆறையும்விட அழகாக இருந்தது.

மாமிக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. கள்ளனுடைய கம்புதானே... என்று நினைத்துக்கொண்டு, நாற்றின் தண்டைப் பிளந்து, கம்பை ஆப்பு போலச் சீவி, செருகி, நாடாவால் கட்டினாள். ஏழாவது ஒட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக விழுந்தது. நூல்களை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருந்தன.

இரண்டு நாள் கழித்து அவளால் பொறுக்க முடியவில்லை. கள்ளன் கள்ளன் என்று கத்தியவளின் வீட்டில் இப்போது யாருடைய கம்பு இருக்கிறது? மாமியிடம் அவனுடைய எண்ணை வாங்கினாள்.

'உங்க கம்பு ஒண்ணு என்கிட்ட வந்துட்டு.' தட்டினாள். அழித்தாள். 'மன்னிக்கணும், ஒரு காரியம் சொல்லணும்.' அதையும் அழித்தாள்.

கடைசியில் அனுப்பியது: 'கவர் எப்பம் எடுக்கணும்? ஆர்ஷா, பச்சை நூல்.'

பதில் உடனே வந்தது. 'இலை விரியட்டும். அவசரப்படாண்டாம். ஆன்சன், கள்ளன்.'

அவள் சிரித்துவிட்டாள். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள்.

அதற்கப்புறம் தினமும் ஒரு சந்தேகம் வந்தது. உண்மையிலேயே சந்தேகமா என்று கேட்டால், பாதி... வெயில் படலாமா? நிழல் போதுமா? எறும்பு ஏறினால் என்ன செய்வது? அவனும் அதே டிப்ளமோவுக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறான் என்று தெரிந்தது. 'பிளஸ் டூதான் படிச்சேன். நீங்க சயன்ஸ் டிகிரி. என்னயப் பயப்படுத்தாதீங்க' என்று எழுதினான். 'டிகிரிக்காரி கட்டின பன்னெண்டும் அழுகிட்டு' என்று இவள் எழுதினாள்.

பதிமூன்றாம் நாள் காலையில் ஒரு கவருக்குள்ளே செம்பு நிறத்தில் ஒரு புள்ளி. அவள் படமெடுத்து அனுப்பினாள். 'செவந்து வந்திருக்கு, பாருங்க!!'

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, 'கவர் வழியா லேசா தொட்டுப் பாருங்க. மொட்டு மெத்துன்னு இருந்தா நல்லது. காஞ்சிருந்தா விரலுக்குத் தெரியும்.'

படத்தைப் பார்த்தவன் எதற்காகத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான்? விசித்திரமான ஆள், என்று நினைத்துக்கொண்டே தொட்டாள். மெத்தென்றுதான் இருந்தது.

பதினேழாம் நாள் வரைக்கும் மூன்று துளிர்த்தன. மூன்றே மூன்று.

இரண்டு பச்சை நூல். ஒன்று... சிவப்பு.

தேர்வு நாளன்று ஒரு நீண்ட மேசையில் எல்லோருடைய கன்றுகளும் வரிசையாக நின்றன. ஆன்சன் அவளுக்குப் பக்கத்து இடத்தில் நின்றான். அவனுக்கு ஐந்து கன்றுகள், ஐந்திலும் சிவப்பு நூல். சலவைச் சட்டை. மழை இல்லாமல் அந்தக் கண்களை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்... பார்த்துவிட்டு உடனே கன்றைப் பார்த்தாள்.

அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். சிவப்பு நூலை அவிழ்க்காமல், அந்தக் கன்றை அவன் பக்கமாக வைத்திருந்தாள். அவன் பார்ப்பான். 'இது எனக்குள்ளதாச்சே' என்பான். திட்டுவான். அவள் தலைகுனிவாள். வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும்.

அவன் நேராக அந்தக் கன்றைப் பார்த்தான். குனிந்தும் பார்த்தான். துளிரை ஒரு விரலால் தொட்டான்.

"அருமையா கட்டியிருக்கீங்க," என்றான். அவ்வளவுதான்.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பார்த்தும் பாராததுபோல் இருக்கிறானா? அது திட்டுவதைவிட மோசமில்லையா?

தேர்வாளர் அனந்தபத்மநாபன் சார் அவளிடம் வந்தார். படிவத்தில் மூன்று கட்டங்கள்: தாய்மரம், கம்பைத் தேர்ந்தெடுத்தவர், ஒட்டுக்கட்டியவர். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படிவத்தையே பார்த்தார்.

"பாறசாலையா? அப்ப தமிழ்லயே பறயாம். ரெண்டு கன்னுக்கு உங்க பேரு எழுதியிருக்கு. மூணாவதுக்கு, கம்பைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு எழுதல்லியே. எந்தா, மறந்துபோச்சா?"

ஆர்ஷா அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். மூன்று இல்லையென்றால் பி.எட்.

"அவங்களே தேர்ந்தெடுத்ததுதான் சார்," என்று பக்கத்திலிருந்து ஆன்சன் சொன்னான். உதவுகிற குரல். "ஒரே மரம். எனக்குத் தெரியும். மூணுலயும் பச்ச நூல் கட்டியிருக்கே."

அவள் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள்.

கேலி இல்லை. பரிவுகூட இல்லை. அவன் கண்களில் இருந்தது வெறும் உண்மை. அவன் கண்டதைத்தான் சொல்கிறான். மூன்றிலும் பச்சை நூல்...

மரத்தில் அணைந்துபோன முகம். மோந்து பறித்த பழம். படத்தை வைத்துச் சொல்லாமல் தொட்டுப் பார்க்கச் சொன்னது. எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. 'கண்ணு தெரியாதா ஒங்களுக்கு?' என்று கேட்டாளே! கள்ளன் என்றாளே!

சார் இன்னும் படிவத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் நூல் தெரியும். பக்கத்திலேயே ஆன்சனின் ஐந்து சிவப்பு நூல்கள். தெரிந்தால், 'இதுவா பச்சை?' என்று அவனிடம் கேட்பார். இத்தனை பேர் நடுவில்.

ஆர்ஷா கையை நீட்டிக் கன்றின் தண்டைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு நூல் அவள் விரல்களுக்குள் மறைந்தது.

"இல்ல சார்," என்றாள். "இது நான் தேர்ந்தெடுத்த கம்பு இல்ல. ஆன்சன் தேர்ந்தெடுத்தது. கைமாறி எனக்க கெட்டுல வந்துட்டு. அன்னைக்கே எனக்குத் தெரியும். திருப்பிக் குடுக்கல்ல. ஒட்டுக்கட்டினது மட்டும் நான்."

சார் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"எப்படித் தெரியும், அவனோடதுன்னு?"

"தெரியும் சார்." விரல்கள் இன்னும் இறுகின.

சார் ஆன்சனைப் பார்த்தார். "உங்க கம்பா? பராதி வல்லதும் உண்டா?"

"இல்ல சார். புகாரொண்ணும் இல்ல."

"அப்ப அந்தக் கட்டத்துல அவன் பேரை எழுதிட்டு, கடைசிக் கட்டத்துல உங்க பேரை எழுதுங்க. காலியா விட்டீங்களே தவிர, பொய் எழுதல்ல. அது மதி, போதும்." கன்றை மேலிருந்து ஒரு பார்வை பார்த்தார். "நர்சரியில யாரோட கம்பு வந்தாலும் கட்டியே ஆகணும். கை நல்ல கை. திங்கட்கிழமை வந்து சேருங்க."

அவர் நகர்ந்து ஆன்சனின் ஐந்தைப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களும்," என்றார்.

அவ்வளவுதானா? ஆர்ஷா வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'கிட்டிட்டு.' உடனே பதில். 'நல்லது மக்ளே. அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன். குடை உண்டா?'

குடை இல்லை. மழை மறுபடியும் பிடித்திருந்தது. வராந்தாத் தூணை ஒட்டி அவள் மூன்று கன்றுகளோடு நின்றாள். சற்று நேரத்தில் பக்கத்தில் ஐந்து கன்றுகள் வந்து நின்றன.

"மன்னிச்சுக்கிடுங்க," என்றாள், மழையைப் பார்த்து. "கள்ளி நான்தான்."

"அது போட்டும்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நூலு என்ன கலர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். சாரு கேட்டாருல்லா. கைய வச்சு எதுக்கு மறைச்சீங்க?"

அவள் விரல் தானாக அந்த நூலுக்குப் போனது.

"அப்பம்... ஒங்களுக்கு மனசிலாயிட்டு."

"அது நான் சொல்லக் கூடியது இல்ல," என்றாள் மெதுவாக. "சொல்லணும்னா நீங்க சொல்லணும். வேண்டாம்னா வேண்டாம். ஒங்க இஷ்டம்."

அவன் உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்தது.

"அன்னைக்கும் இதே வார்த்தை. ஒங்க இஷ்டம்! இது தமிழ் இஷ்டமா, மலையாள இஷ்டமா?"

தமிழில் சொன்னால், உங்கள் பாடு, எனக்கென்ன என்று அர்த்தம். மலையாளத்தில் இஷ்டம் என்றால் பிரியம்... இரண்டு மொழியும் கலந்த ஊரில் வளர்ந்தவள், தெரியாது என்று சொல்ல முடியுமா? கன்னம் சுட்டது. கழுத்து சுட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். மொட்டு பருத்திருக்கிறதா என்று தேடுகிற பார்வை. தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, மூன்றாவது கன்றிலிருந்த நூலைத் தொட்டான்.

"ஆர்ஷா," என்றான். முதல் தடவையாக வெறும் பெயர். "எனக்கு செவப்பும் பச்சயும் வேற வேற இல்ல. ரெண்டும் ஒரே மண்ணு கலருதான். சின்னதிலேருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வெளிய ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. செடி வளக்கப் போறவனுக்குக் கண்ணு இப்படின்னா, யாரு வேலை தருவா? அதுக்குப் பேசாம கள்ளனாவே இருந்திரலாம்னு தோணிச்சு."

"நூறு ஆம்பளைகள்ல மூணு நாலு பேருக்கு உண்டு," என்று அவள் வேகமாகச் சொன்னாள். "பி.எஸ்சி.ல படிச்சிருக்கேன். நோய் ஒண்ணும் இல்ல. படிவத்துல கண்ணப் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. பதினோரு தடவ வாசிச்சாச்சு. செடியத் தொட்டே அறியத் தெரிஞ்ச ஆளுக்கு எதுக்குப் பயம்? லேபிள் மட்டும் நான் எழுதித் தாரேன். கலருக்குப் பதிலா நம்பர் போட்டா போச்சு."

தானா இவ்வளவு பேசியது என்று அவளே திகைத்து நின்றாள். அவன் மூச்சை நீளமாக விட்டான். தோள்கள் இறங்கின. பிறகு சிரித்தான், வராந்தாவின் கடைசிவரைக்கும் கேட்கும்படி.

"அப்பம் இனி ஒரே ஒரு கஷ்டம்தான்."

"என்ன?"

"தமிழா, மலையாளமான்னு கேட்டேன்லா. வேற யாரும்னா ஒனக்க முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிடுவான். நீ செவந்தாலும் எனக்குத் தெரியாது ஆர்ஷா. நீதான் வாயத் தொறந்து சொல்லணும்."

நீ என்றான். மழை ஓட்டிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. அவள் கன்றைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். கடைசியாக, நிமிர்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"செவந்துதான் இருக்கு," என்றாள் சத்தமாக. "காதுவரைக்கும்."